ஐந்தாவது கை உட்கார்ந்துவிட்டது

பார்பி பொம்மையின் சட்டைக்கு ஐந்தாவது முறை வைத்த கை ஒருவழியாக உட்கார்ந்துவிட்டது. வலது கை மட்டும். இடது கையை இன்னும் வெட்டக்கூட இல்லை, அதற்குள் எழுத வந்துவிட்டேன். இரண்டு வாரமாக வீட்டில் யாரிடம் காட்டினாலும் "பொம்மைச் சட்டைக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பொம்மைக்குத் தைக்கிறவர்களுக்கு மட்டும்தான் இந்த ஒன்றரை அங்குலக் கையின் அருமை தெரியும்.

விஷயம் இதுதான். அக்கா மகளுடைய பார்பிக்கு ஒரு பட்டுப் பாவாடை சட்டை. புதுத்துணி எடுக்கக் கூடாது, மிச்சத்திலேயே முடிக்க வேண்டும் என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம். இதுவரை கையை விட்டுப் போனது 45 ரூபாய்: 11ஆம் நம்பர் ஊசி ஒரு பாக்கெட், ஒரு அட்டை பிரஸ் பட்டன். மற்றதெல்லாம் பீரோவிலும் தையல்கடைப் பையிலும் கிடைத்தவை.

பாவாடையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு மத்தியானத்தில் முடிந்தது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பார்பி நம்மில் ஆறில் ஒரு பங்கு. புடவையின் இரண்டு அங்குல பார்டரை அப்படியே வெட்டி வைத்தால் அது நம் அளவில் ஓரடி பார்டர் ஆகிவிடும், பொம்மை பார்டருக்குள் மூழ்கிப்போகும். நான் எடுத்தது அப்பாவின் கிழிந்த அங்கவஸ்திர ஜரிகை, அரை அங்குலம். ஆறால் பெருக்கினால் மூன்று அங்குலம். பத்து வயதுப் பிள்ளையின் பட்டுப் பாவாடைக்கு இருக்கிற பார்டர் கணக்குதான் அது. கொசுவம் மட்டும் குடை மாதிரி விரிந்து நின்றது. ஈரத்துணி போட்டு இஸ்திரி போட்டு, நூலால் சுற்றிக் கட்டி ஒரு ராத்திரி வைத்தபின் அடங்கியது.

இனி கைக்கு வருகிறேன்.

சட்டைத்துணி அம்மாவின் ரவிக்கையில் வெட்டியது போக மிஞ்சிய அரக்குப் பட்டு. அகலம் ஒரு சாண், நீளம் அதைவிடக் கொஞ்சம் கூட. உடம்புப் பகுதி, பின் திறப்பு, கழுத்து எல்லாம் தகராறு செய்யாமல் வந்தன. பஃப் கை என்றால் மேல் விளிம்பில் சுருக்கம் வேண்டும். நான்கரை அங்குலத்தைச் சுருக்கி இரண்டரை அங்குல அக்குள் வளைவுக்குள் அடக்க வேண்டும். அதுவும் பிரிந்துகொண்டே இருக்கிற பட்டில்!

முதல் முறை, வழக்கம்போல் தையலுக்குக் கால் அங்குலம் விட்டு வெட்டினேன். சுருக்க நூலை இழுக்க இழுக்க விளிம்பில் இழை இழையாகக் கழன்று வந்தது. கால் அங்குலம் அரைக்கால் ஆகி, கடைசியில் தையலே வெளியே வந்துவிட்டது. விளிம்பை மெழுகுவர்த்தியில் காட்டினால் நிற்குமே என்று காட்டினேன். புத்தி எங்கே போனதோ. பாலியெஸ்டர்தான் உருகி ஒட்டிக்கொள்ளும். அசல் பட்டு கருகும், முடி பொசுங்கிய வாசனை வரும், அவ்வளவுதான். அம்மா வாங்கியது அசல்தான் என்று உறுதியானது, கை போனது.

இரண்டாம் முறை பின்பக்கம் ஒட்டு கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டேன். பிசிறு நின்றது. ஆனால் கை அட்டையாகிவிட்டது. தோளில் வைத்துப் பார்த்தால் பொம்மைக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. பஃப் என்றால் காற்று போன பூரி மாதிரிக் கொஞ்சம் தளர்ந்து விழ வேண்டாமா?

மூன்றாம் முறை செய்த தவறு எனக்கே வெட்கம். பக்கத்தையல் அடித்து முடித்துவிட்டு, நமக்குத் தைக்கிற மாதிரி வட்டமாகக் கையை உள்ளே வைத்தேன். இரண்டரை அங்குலச் சுற்றுக்குள் மெஷின் பாதம் எப்படி நுழையும்? கையால் தைத்தேன். சுருக்கமெல்லாம் அக்குளுக்கடியில் போய்ச் சேர்ந்தது, தோள்மேல் மொழுமொழுவென்று இருந்தது.

நான்காவது முறைதான் சரியான வரிசை பிடிபட்டது. பக்கத்தையலைத் தொடவே கூடாது. தோள்தையல் மட்டும் போட்டுச் சட்டையைத் தட்டையாக விரித்து, கையையும் தட்டையாகவே அதன்மேல் வைத்து அடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கையின் நுனி தொடங்கி அக்குள் வழியாக இடுப்பு வரை ஒரே ஓட்டமாகப் பக்கத்தையல். எல்லாம் அப்படியே செய்தேன். திருப்பிப் பார்த்தால் கையில் பட்டின் உள்பக்கம் வெளியே தெரிகிறது. அன்றைக்கு மெஷினை மூடி, துணி போர்த்திவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

ஐந்தாவதில் மாற்றியது மூன்று.

முதலாவது, தையலுக்குக் கால் அங்குலத்துக்குப் பதில் முழு அரை அங்குலம் விட்டு வெட்டினேன். அவ்வளவு சின்னக் கைக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் பிரிவதற்கு இடம் கிடைக்கிறது, பிடிப்பதற்கும் இடம் கிடைக்கிறது. தைத்து முடித்து, அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு தையலும் ஓட்டிய பிறகு, மிச்சத்தை மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டி எறிந்தேன். வெட்டுவதற்கு முன்னால், தையலுக்கு வெளிப்பக்கம் மட்டும், தண்ணீர் கலந்த ஃபெவிக்காலை ஊசி முனையால் கோடாக இழுத்துக் காயவிட்டேன். தையலைத் தாண்டி ஒரு சொட்டு உள்ளே போனாலும் பட்டில் கறை தெரியும், ஜாக்கிரதை.

இரண்டாவது, சுருக்கத்துக்கு ஒரு ஓட்டம் போதாது, இரண்டு வேண்டும். நிஜத்தையல் விழப்போகும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டு நூலையும் சேர்த்து இழுத்தால் சுருக்கங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. ஒற்றை நூலில் அவை திரும்பிப் படுத்துக்கொள்கின்றன. என் மிதி மெஷினில் நீளத்தையல் வைத்து இழுத்தால் நூல் அறுகிறது, அதனால் இந்த இரண்டு ஓட்டத்தையும் கையாலேயே போட்டேன். உள்பக்க ஓட்டத்தைப் பிறகு உருவிவிடலாம்.

மூன்றாவது, காகிதம். சின்னத் துண்டை மெஷினில் வைத்தால் முதல் குத்திலேயே தகட்டு ஓட்டைக்குள் துணியை இழுத்துக்கொள்கிறதே, அதற்கு. புதுப் பட்டுப்புடவை மடிப்புகளுக்கிடையே வெள்ளையாக மெல்லிய தாள் வைத்துத் தருவார்களே, அதை அடியில் வைத்து, துணியோடு சேர்த்துத் தைத்து, அப்புறம் கிழித்து எடுத்துவிட்டேன். தையல் பொடியாக இருந்தால் தாள் தானாகவே கிழிந்து வரும். காலால் மிதிக்கவே இல்லை. சக்கரத்தைக் கையால் உருட்டி உருட்டி, ஒவ்வொரு குத்துக்கும் சுருக்கத்தை ஊசியால் நிமிர்த்தி, இரண்டரை அங்குலத்தை முடிக்க ஒரு சீரியல் நேரம் ஆனது. அது முடிந்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லாமல் விடுகிறேன்.

போட்டுவிடுவதில் ஒரு சின்ன வித்தை. பார்பியின் கட்டைவிரல் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும், கையை நுழைக்கும்போது லைனிங்கில் மாட்டி இழுக்கும். பால் ஐஸ் விற்கும் நீளக் கவர் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, பொம்மையின் கைக்கு உறை மாதிரி மாட்டி நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது.

துண்டுத்துணி எங்கே கிடைக்கிறது என்று கேட்பவர்களுக்கு. தெருமுனை டெய்லரண்ணனிடம் வாரம் ஒருமுறை போய்ப் பையைக் கிளறுகிறேன். "பிட்டுத் துணி தலையணைக்குத்தானே எடுத்துட்டுப் போவாங்க, நீ என்னம்மா ஒவ்வொண்ணா வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்குற?" என்று சிரிக்கிறார். அந்தப் பையில் சட்டைத்துணி கிடைத்தால் விடாதீர்கள், பொடிக்கட்டம் போட்டது பொம்மை அளவுக்குப் பொருந்தும். மதுரைக்காரர்கள் என்றால் புதுமண்டபத்திலிருந்து மாறிப் போன கடைகளில் சாமித்துணி விற்பவர்களையும் பாருங்கள். அம்மன் பாவாடை சாண் அளவில்கூடத் தைத்து வைத்திருப்பார்கள், சின்ன ஜரிகைக்கு நல்ல யோசனை கிடைக்கும். அங்கே ஒரு பெரியவரிடம் "இவ்வளவு சின்னக் கை எப்படி வைப்பீங்க?" என்று கேட்டேன். "அம்மனுக்குப் பாவாடை மட்டும்தானம்மா சாத்துறோம், கை எங்க இருக்கு?" என்றார். கொடுத்துவைத்தவர்.

சிவப்பு, அரக்கு, கறுப்பு என்று அடர்ந்த நிறத்தில் தைப்பவர்கள் முதலில் ஈர வெள்ளைத் துணியால் துண்டைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் வந்தால் பொம்மை உடம்பிலும் ஏறும், ரப்பர் மாதிரியான வினைலில் ஏறியது சோப்புக்குப் போகாது. போன வருஷம் சிவப்புக் காட்டன் ஒன்றால் ஒரு பொம்மையின் கால் ரோஸ் நிறமாகிவிட்டது. பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு களிம்பைத் தடவி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி, ஒரு வாரம் வெயிலில் வைத்து எடுத்தேன். முகத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பொட்டும் புருவமும் சேர்ந்து வெளுத்துவிடும். இந்த முறை பட்டுக்குள் வெள்ளை மல் துணியில் முழு லைனிங் கொடுத்துவிட்டேன்.

பின் திறப்புக்கு வெல்க்ரோ வேண்டாம் என்பது என் கட்சி. முடியையும் பட்டையும் சேர்த்துப் பிடித்து இழுக்கிறது. சின்ன பிரஸ் பட்டன் இரண்டு போதும்.

அடுத்து என்ன என்பது மனதில் ஓட ஆரம்பித்துவிட்டது. பாட்டியின் பழைய சுங்குடிப் புடவை ஒன்று நடுவில் கிழிந்து கிடக்கிறது. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய அந்தப் பொடிப்புள்ளிகள் பார்பிக்கென்றே வைத்த மாதிரி இருக்கும். தாவணி போடலாமா, முழுப்புடவையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. புடவை என்றால் ஒரு கஜம் நீளம், ஏழு அங்குல அகலம் போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு பொம்மைக்கடையில் கர்வி பார்பி ஒன்றும் பார்த்தேன், 2016இல் வந்த வகை. இடுப்பும் தொடையும் கொஞ்சம் பெரிது என்பதால் இந்த அளவெல்லாம் அவளுக்கு ஆகாது, முதலிலிருந்து வரைய வேண்டும். அதற்கு ஆசைப்படக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அக்கா மகள் வந்து பார்த்தாள். பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சித்தி, ஒரு கை மட்டும் போட்டுக்கிட்டு இவ எப்படிக் கல்யாணத்துக்குப் போவா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பொம்மைக்கல்யாணமாம், நாள்கூடக் குறித்துவிட்டாள்.

அரக்குப் பட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு துண்டு. அளந்து பார்த்தேன், ஐந்து அங்குலத்துக்கு இரண்டேகால். அரை அங்குலத் தையல் விட்டால் ஒரு கைக்குச் சரியாக வரும், தப்பினால் வேறு துணி கிடையாது. அதனால் இன்றைக்குப் பட்டைத் தொடவில்லை. மல் துணியில் ஒரு இடது கை வெட்டி வைத்திருக்கிறேன். உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று பென்சிலால் எழுதியும் வைத்துவிட்டேன்.