மாமாவின் சட்டைப் பைச் சீட்டு

"வலி ஆரம்பித்தது 5.30. ஆஸ்பிரின் 300, காலை 6.40-க்குக் கொடுத்திருக்கிறேன்."

மாமாவின் சட்டைப் பையில் இருந்த சீட்டில் இவ்வளவுதான். கீழே, மாரடைப்பு என்று மாமாவைத் தருமபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்த பாலக்கோடு டாக்டரின் செல் நம்பர். பின்னால் இசிஜி தாள்.

தருமபுரியில் டூட்டி டாக்டர் படித்ததும் அந்த நம்பருக்கே போன் போட்டார். "சார், சர்க்கரைக்கு என்ன மாத்திரை போகுது?"

மாமாவைக் கேட்டால் "வெள்ளை மாத்திரை" என்பார். இருபது வருஷமாகப் பார்க்கிறவருக்குத்தான் பேர் தெரியும்.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை 12 மணி நேரத்துக்குள் போடலாம். ஆனால் சீக்கிரம் போடப் போடத்தான் பலன். அந்த 5.30-இன் அருமை அப்புறம்தான் புரிந்தது.

போன வருஷம் அத்தைக்கு வேறொரு ஆஸ்பத்திரி. சீட்டை யாரும் பிரித்தே பார்க்கவில்லை. எல்லா டெஸ்ட்டும் மறுபடி முதலிலிருந்து. அத்தை போன சேதி, அனுப்பிவைத்த இதே பாலக்கோடு டாக்டருக்கு டீக்கடையில்தான் கிடைத்தது.

ஊர் டாக்டர்களுக்கு ஆஸ்பத்திரிகளிலிருந்து தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் தவறாமல் வருகிறது. (கமிஷனும் வருமாம். 2002 மருத்துவக் கவுன்சில் விதிகளிலேயே அது தப்பு.) "நீங்கள் அனுப்பின ஆள் இப்படி இருக்கிறார்" என்று ஒரு போன்தான் வருவதில்லை.

இன்று சாயங்காலம் வந்ததாம். டூட்டி டாக்டரே பேசியிருக்கிறார்.

மாமாவிடம் சொன்னேன். "வெள்ளை மாத்திரைன்னு சொன்னாரா?" என்றார்.