இழுப்பும் அடிவயிற்று வலியும்

ஆஸ்துமா உள்ள பெண்களிடம் நாள்பட்ட சிறுநீர்ப்பை வலி கூடுதலாகத் தென்படுகிறது. ஒன்றுதான் மற்றதைக் கொண்டுவருகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. சந்தேகம் விழுவது ஒவ்வாமையைத் தூண்டும் நோய் எதிர்ப்பு அணுவான மாஸ்ட் செல் மீது. மூச்சுக்குழாய்ச் சுவரிலும் சிறுநீர்ப்பைச் சுவரிலும் இது உண்டு. ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமை வேதிப்பொருளைக் கொட்டினால் அங்கே இழுப்பு, இங்கே எரிச்சல்.

வழக்கமாக நடப்பது: எரிகிறதென்றதும் கிருமித்தொற்று என்று ஆன்டிபயாட்டிக், அடுத்த மாதம் இன்னொன்று. சிறுநீர் கல்ச்சரில் கிருமி இல்லை, வலி 6 வாரத்தைத் தாண்டிவிட்டது என்றால் பலதுறை மருந்தகத்தில் சிறுநீர்ப்பை, சிறுநீர்ப் பாதை பார்க்கும் சிறுநீரியல் (யூரோலஜி) நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள். 3 நாள் சிறுநீர் கழித்த குறிப்போடு போங்கள்: எத்தனை மணி, எத்தனை மில்லி, போனபின் வலி தணிந்ததா. சிறுநீர் நிரம்ப வலி ஏறி, போனதும் குறைவது முக்கியமான அடையாளம்.

வலி மாத்திரையில்தான் பெரிய கண்ணி. ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட், நாப்ராக்சன் போன்றவை சில ஆஸ்துமாக்காரர்களுக்குக் கடும் இழுப்பைக் கிளப்பும். இன்ஹேலர் வைத்திருப்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். பலருக்கும் பாராசிட்டமாலே முதல் தேர்வு.

புகைமூட்டக் காலத்து இருமல் ஒவ்வொன்றும் சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசையை உலுக்கும். அதற்காக அத்தசையை இறுக்கிப் பழகும் கெகல் பயிற்சியில் இறங்க வேண்டாம். இந்த வலியில் அத்தசை பெரும்பாலும் ஏற்கெனவே இறுகியிருக்கும். அதைத் தளர்த்தும் பிசியோதெரபிதான் தேவை.

கோப்பி-ஓ, எலுமிச்சை, தக்காளி, மிளகாய் நான்கையும் 2 வாரம் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். எல்லாருக்கும் எல்லாமே ஆகாது என்றில்லை. ரசத்தை வீணாக இழக்க வேண்டாமே.