பிரேம்ல அடிபட்ட பழைய சைக்கிள், வாங்கலாமா வேணாமா: நான் பாத்த விதம்

பழைய ரோடு சைக்கிள் தேட ஆரம்பிச்சா ஒரு வரி திரும்பத் திரும்ப கண்ணுல படும், "பிரேம்ல லைட்டா அடி இருக்கு, ஓட்ட எந்த பிரச்சனையும் இல்ல". இதப் பாத்ததுமே பாதி பேரு ஒதுங்கிடுவாங்க, அதனாலயே விலையும் நல்லா எறங்கி இருக்கும். எனக்கு பட்ஜெட் கம்மி, சரி போய்த்தான் பாப்போமேன்னு கெளம்பினேன். பாக்கெட்ல ஒரு குட்டி காந்தம், டார்ச், ஸ்டீல் ஸ்கேல், கொஞ்சம் நூல், இவ்ளோதான் எடுத்துட்டுப் போனது. காந்தம் எதுக்குன்னா, பெயிண்ட் அடிச்ச பிரேம பாத்து இரும்பா அலுமினியமான்னு எல்லாருக்கும் சொல்லத் தெரியாது, விக்கிறவருக்கே பல நேரம் தெரியாது, காந்தம் ஒட்டுச்சுன்னா இரும்பு, அவ்ளோதான். அது தெரியாம அடிய பத்தி பேசறதுல அர்த்தமே இல்ல, ஏன்னா ஒரே அளவு அடி இரும்புல ஒண்ணுமில்லாததா இருக்கும், அலுமினியத்துல சைக்கிளையே முடிச்சிருக்கும்.

முதல்ல பாத்தது அலுமினியம். பளபளன்னு இருந்துச்சு, எங்கயும் ஒரு நசுங்கல் கூட கிடையாது. "அது சும்மா பெயிண்ட் கீறல் சார்"னு அவரே காட்டினாரு, சீட்டுக்குக் கீழ நிக்கற சீட் டியூபும், அங்க இருந்து ஹேண்டில்பார் பக்கம் போற மேல் குழாயான டாப் டியூபும் சேர்ற இடத்துல தலைமுடி மாதிரி ஒரு மெல்லிய கோடு. ஈரத்துணியால துடைச்சுட்டு நகத்த குறுக்க இழுத்தேன், மாட்டுச்சு. பஞ்ச வச்சு தேச்சா நூலு நூலா பிடிச்சு இழுக்குது. அதவிட முக்கியமா அந்தக் கோடு வெல்டிங் ஓரத்தோடயே வளைஞ்சு போச்சு, பெயிண்ட் கீறல் எப்படி வேணா குறுக்கும் நெடுக்கும் போகும், வெல்டிங் ஓரத்த பிடிச்சுட்டே போகுதுன்னா அது விரிசலாத்தான் இருக்கும்னு வச்சுக்கலாம். சீட்ட தாங்கற தண்டு, அதான் சீட் போஸ்ட், அத உருவிப் பாத்தா காரணமும் தெரிஞ்சு போச்சு, இதுக்கு மேல தூக்காதேன்னு போஸ்ட்ல ஒரு கோடு போட்டிருப்பாங்கல்ல, அதத் தாண்டி மேல ஏத்தி ஓட்டியிருக்காங்க, ஆள் எடை மொத்தமும் அந்த ஒரே இடத்த நெம்பிட்டே இருந்திருக்கு.

"வெல்டிங் வச்சா சரியாயிடும் சார்"னாரு. இரும்புல வேணா அத யோசிக்கலாம். அலுமினியம் அப்படி இல்ல. இரும்புக்கு ஒரு எல்லை உண்டு, அதுக்குக் கீழ இருக்கற சுமைய எத்தனை லட்சம் தடவ ஏத்தி எறக்கினாலும் தாங்கும், அலுமினியத்துக்கு அந்த மாதிரி எல்லையே கிடையாது, சின்னச் சின்ன அதிர்வு கூட சேந்துட்டே போகும், விரிசல் ஒரு தடவ விட்டுச்சுன்னா வளந்துட்டுத்தான் இருக்கும். நிறைய பிரேம்ல வர்றது 6061ங்கற கலவை, அத வெல்டிங் வச்சா பக்கத்துல இருக்கற உலோகம் மெத்துனு ஆயிடும், பழைய பலம் வரணும்னா பிரேம் முழுசையும் 530 டிகிரி பக்கம் சூடாக்கி, சட்டுனு குளிர வச்சு, மறுபடி 170 டிகிரி பக்கத்துல பல மணி நேரம் அடுப்புல வச்சு எடுக்கணும். பழைய சைக்கிளுக்கு இதெல்லாம் யாரு செய்வா. நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்.

கார்பன் ஃபைபர் பிரேம் பக்கம் நான் போகவே இல்ல. காசால தட்டிப் பாத்து சத்தம் மங்குதான்னு கண்டுபிடிக்கலாம்தான், ஆனா சத்தம் நல்லா இருக்குங்கறதுக்காக உள்ள லேயர் பிரியலன்னு உறுதியா சொல்ல முடியாது. ரிப்பேர் பண்றவங்க இருக்காங்க, நல்லாவே பண்றாங்க, அந்தச் செலவையும் சேத்துப் பாத்தா எனக்குக் கட்டாது.

அப்புறம் பாத்ததுதான் இந்த இரும்பு சைக்கிள். காந்தம் டக்குனு ஒட்டுச்சு. டாப் டியூப்ல, ஹேண்டில்பார் பக்கம் கொஞ்சம் தள்ளி, கட்டைவிரல் பதியற அளவுக்கு ஒரு ஒடுக்கு, பாக்கவே அசிங்கமா இருந்துச்சு. விக்கிற பையனும் சங்கடத்தோடயே, "இதுக்காகத்தாண்ணே விலைய குறைச்சிருக்கேன்"னான். இந்த ஒடுக்கு எப்படி வரும்னா, சைக்கிள் கீழ விழும்போது ஹேண்டில்பார் முழுசா திரும்பி டியூப்ல போய் இடிக்கும். நல்ல இரும்பு பிரேம்ல டியூப்போட ரெண்டு முனையும் கனமா இருக்கும், நடுவுல எடைய குறைக்க மெலிசாக்கியிருப்பாங்க, அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும் சிலதுல, அதனால நடுவுல சீக்கிரம் ஒடுங்கும். நான் பாத்தது மூணு விஷயம். ஒடுக்கு வட்டமா வழுவழுன்னு இருக்கா இல்ல நடுவுல மடிப்பு விழுந்திருக்கா, ஓரத்துல பெயிண்ட் வெடிச்சு உள்ள கோடு தெரியுதா, டியூப் மேல ஸ்கேல வச்சா ஒடுக்க தவிர மத்த இடமெல்லாம் நேரா படியுதா. மூணும் ஓகே. இத வெறும் அழகுக் குறைன்னு எடுத்துக்கலாம்னு தோணுச்சு.

ஆனா எனக்கு சந்தேகம் வேற இடத்துல. ஹேண்டில்பார் அவ்ளோ வேகமா திரும்பியிருக்குன்னா முன்னாடி எங்கயாச்சும் மோதியிருக்குமோ? முன்சக்கரம் எதுலயாவது நேரா மோதினா, சக்கரத்த ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கற ஃபோர்க் ஒரு நெம்புகோல் மாதிரி பின்னாடி தள்ளும், அந்த மொத்த தள்ளலும் பெடல் பக்கம் சரிஞ்சு இறங்கற டவுன் டியூப்ல, ஹேண்டில்பாருக்குக் கீழ இருக்கற குட்டிக் குழாயான ஹெட் டியூப்புக்கு ஒரு அஞ்சு ஆறு சென்டிமீட்டர் பின்னாடி, அடிப்பக்கத்துல வந்து இறங்கும். மேல இருந்து பாத்தா தெரியவே தெரியாது. சைக்கிள தலைகீழா கவுத்து, டார்ச்ச நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சு, விரல மெதுவா ஓட்டிப் பாத்தேன். துணி சுருங்கின மாதிரி பெயிண்ட்ல சுருக்கமோ, டியூப்ல ஒரு சின்ன மேடோ தட்டுப்பட்டிருந்தா அங்கயே கெளம்பியிருப்பேன். டாப் டியூப்போட அடியிலயும் அதே மாதிரி பாத்தேன். ஒண்ணும் இல்ல.

ஃபோர்க்லதான் மாட்டுச்சு. பக்கவாட்டுல நின்னு ஒரு கண்ண மூடிட்டு பாத்தா ஹெட் டியூப் போற கோட்டுலயே ஃபோர்க்கோட மேல் பாதியும் இறங்கணும், அதுக்குக் கீழதான் முன்னாடி வளையணும். இதுல மேலயே லேசா பின்னாடி சாஞ்சு இருந்துச்சு. ஓட்டிப் பாக்கும்போது மெதுவா திருப்பினா ஷூ முனை முன்சக்கரத்துல நல்லாவே உரசுச்சு, அதுவும் இதோட சேந்து போகுது. ஹேண்டில்பார ரெண்டு பக்கமும் மெதுவா திருப்பிப் பாத்தேன், எங்கயும் இறுகல, அதாவது ஃபோர்க்ல இருந்து ஹெட் டியூப்புக்குள்ள மேல போற தண்டு வளையாம தப்பிச்சிருக்கு. அடிய ஃபோர்க் வாங்கிட்டு பிரேம விட்டிருக்கு.

இதுக்கப்புறம்தான் நூல எடுத்தேன். பின்சக்கரத்த கழட்டிட்டு, சக்கரம் மாட்டற ஒரு பக்க டிராப்அவுட்ல நூல கட்டி, முன்னாடி ஹெட் டியூப சுத்தி இழுத்துட்டு வந்து இன்னொரு பக்க டிராப்அவுட்ல இறுக்கமா கட்டணும், அப்புறம் நடுவுல இருக்கற சீட் டியூப்ல இருந்து ரெண்டு பக்க நூலுக்கும் எவ்ளோ இடைவெளின்னு அளக்கணும். பையன் சிரிச்சுட்டே "என்னண்ணே, அளவெடுத்து சட்டை தைக்கப் போறீங்களா"ன்னான். ஒரு பக்கம் 29 மில்லிமீட்டர், இன்னொரு பக்கம் 30. புது சைக்கிள்லயே இந்த அளவு வித்தியாசம் வரும். அஞ்சாறு மில்லிமீட்டர் வந்திருந்தா கதையே வேற. ரெண்டு டிராப்அவுட்டுக்கும் நடுவுல அளந்தா 130, ரோடு சைக்கிளுக்கு வர வேண்டிய அளவுதான்.

சக்கரத்த திரும்ப மாட்டினா அது இடது பக்கமா ஒதுங்கி நின்னுச்சு. சக்கரத்த கழட்டி இடம் வலம் மாத்தி மாட்டினேன், இப்ப வலது பக்கம் ஒதுங்குச்சு. அப்ப தப்பு சக்கரத்துல, ஸ்போக்க டைட் பண்ணி நடுவுக்கு கொண்டு வந்துடலாம். எப்படி மாத்தினாலும் ஒரே பக்கம் ஒதுங்கினாத்தான் பிரேம் கோணல்.

துரு இருந்துச்சு, வெளிய மட்டும். சீட் போஸ்ட்ட உருவி உள்ள டார்ச் அடிச்சேன், செதில் செதிலா எதுவும் உரியல. பெடல் மாட்டற கிராங்க் பக்கம் பெயிண்ட் பொரிஞ்ச இடத்துல ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாத்தேன், உள்ள போகல.

விலை பேசறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள ஒரு கணக்கு போட்டேன். பிரேமோட மதிப்பு சுத்தமா பூஜ்யம். சக்கரம், கிராங்க், பிரேக், கியர் செட் இதெல்லாம் தனித்தனியா பழசுல வாங்கினா என்ன ஆகும், அதுல இருந்து வேற ஃபோர்க், மாட்டற கூலி ரெண்டையும் கழிச்சா மிச்சம் எவ்ளோ, அதுக்கு மேல ஒரு காசு தர மாட்டேன்னு. இப்படிப் போட்டா நாளைக்கே பிரேம் போனாலும் பார்ட்ஸ் கையில நிக்கும்.

"அண்ணே, ஒடுக்குக்குத்தான் ஏற்கனவே குறைச்சிட்டேனே"ன்னான்.

"ஒடுக்குக்கு நான் ஒண்ணுமே கேக்கல தம்பி, ஃபோர்க்குக்குத்தான் கேக்கறேன்"னு சொல்லி ஸ்கேல வச்சு காட்டினேன். அவனுக்கு உண்மையாவே தெரியல போல, குனிஞ்சு ரெண்டு பக்கமும் பாத்தான், அவனும் இன்னொருத்தர்கிட்ட பழசா வாங்கினதுதானாம். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு என் விலைக்கு அவனும், அவன் விலைக்கு நானும் கொஞ்சம் நகந்து முடிச்சோம்.

ஃபோர்க் தேடறதுதான் பெரிய வேலையா போச்சு, தண்டோட விட்டம் ஒரு இன்ச், நீளம், மரை, பிரேக் எட்டற தூரம் எல்லாமே ஒத்துப் போகணும். இரும்பு ஃபோர்க்க நிமித்தித் தர்றவங்களும் இருக்காங்க, பிரேமா இருந்தா சரின்னிருப்பேன், ஃபோர்க் ஒடிஞ்சா மூஞ்சிதான் முதல்ல போகும்னு புதுசே போட்டேன். ஒடுக்குல பட்டி போட்டு நிரப்பி பெயிண்ட் அடிச்சா தெரியாதேன்னு மெக்கானிக் கேட்டாரு, வேணாம்னுட்டேன், கீழ விரிசல் விட்டா பட்டி மறைச்சிடும், துருவ தேச்சுட்டு பிரைமர் மட்டும் அடிச்சிருக்கேன். பழைய ஃபோர்க்க ரெண்டா அறுத்துட்டுத்தான் பழைய இரும்புக்கு போட்டேன், யாராவது எடுத்து வேற சைக்கிள்ல மாட்டிட்டா?