இரவில் மட்டும் பாடிய பாடல்கள்

காதல் முறிவைச் சொல்லும் படங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, ஜான் கார்னி எழுதி இயக்கி 2007ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஒன்ஸ்’ என்ற அயர்லாந்துப் படம். ஒன்றரை லட்சம் யூரோவுக்கும் குறைவான செலவில், 17 நாட்களில், டப்ளின் நகரத்தில் எடுத்து முடிக்கப்பட்டது அது. நாயகனுக்கும் நாயகிக்கும் படம் முழுவதும் பெயரே இல்லை.

தந்தையுடன் சேர்ந்து வேக்கூம் கிளீனர்களைப் பழுதுபார்க்கும் அவன், மற்ற நேரங்களில் கிராஃப்டன் தெருவில் கிட்டாருடன் நின்று பாடுகிறான். காதலி அவனைப் பிரிந்து லண்டனுக்குப் போய்விட்டாள். பகலில் மக்களுக்குத் தெரிந்த பாடல்களைப் பாடினால்தான் காசு விழும் என்பதால், தானே எழுதிய பாடல்களை அவன் ஆள் நடமாட்டம் ஓய்ந்த இரவுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறான். அவற்றை ஏன் பகலில் பாடுவதில்லை என்று கேட்கிறாள், செக் நாட்டிலிருந்து பிழைக்க வந்து தெருவில் பூ விற்கும் ஒரு பெண். அவனுடைய மீட்சி அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். அவள் அவனுக்கு ஆறுதல் எதுவும் சொல்வதில்லை. பாட்டைக் காது கொடுத்துக் கேட்கிறாள், அவ்வளவுதான்.

முதலில் கிலியன் மர்ஃபி நடிப்பதாக இருந்த நாயகன் வேடத்தை, கார்னி ஒரு காலத்தில் பேஸ் கிட்டார் வாசித்த ‘தி ஃப்ரேம்ஸ்’ குழுவின் பாடகர் கிளென் ஹேன்சார்ட் ஏற்றார். 13 வயதில் பள்ளியை விட்டு டப்ளின் தெருக்களில் பாடத் தொடங்கியவர் அவர். தெருக் காட்சிகளைத் தொலைவிலிருந்து, நீண்ட லென்ஸ் வழியாகப் படமாக்கியதால், கடந்து போகிறவர்கள் பலருக்குப் படப்பிடிப்பு நடப்பதே தெரியவில்லை. பணமில்லாததால் செய்த அந்த ஏற்பாடே, அழுகிற ஒருவனைக் கூட்டம் பாராமல் போகிற தனிமையைத் திரைக்குக் கொண்டுவந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது, நாயகியாக நடித்த மார்க்கெட்டா இர்க்ளோவா இரவில் நடந்து வரும் காட்சி. அவன் கொடுத்த மெட்டுக்கு வரிகள் எழுதிக்கொண்டிருக்கையில் சிடி பிளேயரின் பேட்டரி தீர்ந்துபோகிறது. மகளின் உண்டியலிலிருந்து சில்லறை எடுத்துக்கொண்டு, வீட்டு உடையிலேயே கடைக்குப் போய்ப் பேட்டரி வாங்கி, காதில் ஹெட்ஃபோனுடன் தெருவிளக்குகளுக்கு அடியில் பாடிக்கொண்டே திரும்புகிறாள். அவளுக்கும் ஒரு காயம் இருக்கிறது என்பதை நாம் அந்த நடையில்தான் முழுமையாக உணர்கிறோம்.

பின்னர் கடலோரக் குன்று ஒன்றில், கணவனை இன்னும் நேசிக்கிறாயா என்று அவன் செக் மொழியில் கேட்கும்போது, அவளும் அதே மொழியில் பதில் சொல்கிறாள். படத்தில் அதற்குச் சப்டைட்டில் இல்லை. அதன் பொருளை நானும் இங்கே எழுதப் போவதில்லை.

ஹேன்சார்டும் இர்க்ளோவாவும் சேர்ந்து இந்தப் படத்துக்காக எழுதிய ‘ஃபாலிங் ஸ்லோலி’ பாடலுக்கு 2008இல் ஆஸ்கர் கிடைத்தது. கதையிலோ அவர்கள் சேர்வதில்லை. பாடல்களைப் பதிவுசெய்து முடித்ததும் அவன் லண்டனுக்குப் புறப்படுகிறான். சொந்தமாகப் பியானோ வாங்க வழியின்றி, இசைக்கருவிக் கடையில் கிடைத்த இடைவேளைகளில் வாசித்துவந்த அவளுடைய வீட்டுக்கு, அவன் வாங்கி அனுப்பிய பியானோ வந்து சேர்கிறது.