வெள்ளை சார்ஜர் ரோஸ் ஆன கதை

மூன்றாவது கோட் வெள்ளை அடித்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் வந்து பார்த்தால், நான் கட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் மாடல் கார், நிஜத்தில் 25-இல் ஒரு பங்கு அளவுள்ள 1969 டாட்ஜ் சார்ஜர் என்ற அமெரிக்கக் கார், ரோஸ் நிறத்தில் நிற்கிறது. சாயம் போகும் சிவப்புத் துணியோடு வெள்ளைச் சட்டையை ஊறவைத்தால் வருமே, அந்த ரோஸ்.

தப்பு என்னுடையதுதான். கிட், அதாவது ஒட்டிக் கட்டுவதற்குப் பெட்டியில் வரும் துண்டுகள், சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்த்தது. அந்தச் சாயத்தை லாக்கர் பெயின்டில் இருக்கும் தின்னர் இளக்கி மேலே இழுத்துவிடும். இன்னொரு கோட் வெள்ளை அடித்தால் அதுவும் கொஞ்சம் சாயத்தைக் குடித்துக்கொண்டுதான் காயும். பெயின்டுக்கு முன்னால் ஒரு கோட் சில்வர் அடித்து அடைத்திருக்க வேண்டும். எனக்கு இது தெரியாததல்ல. தெரிந்துகொண்டே, ப்ரைமர் தாங்கிவிடும் என்று நம்பினேன். சோம்பலுக்கு நாம் வைக்கும் பெயர்களில் நம்பிக்கையும் ஒன்று.

"நல்லாத்தாம்ப்பா இருக்கு, அப்படியே விட்டுடுங்க" என்றாள் மகள். விட்டிருக்கலாம். டாட்ஜே ஒரு ரோஸ் நிறம் விற்றிருக்கிறது, பாந்தர் பிங்க் என்று. ஆனால் அது 1970 மாடல் காலத்துச் சமாசாரம். என் மேஜையில் இருப்பது 1969. முன் கிரில் நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்கும், பின்விளக்கு நீளப் பட்டையாக இருக்கும். 1968 என்றால் பின்னால் வட்ட விளக்குகள், 1970 என்றால் முகத்தைச் சுற்றி ஒரே வளையமாகக் குரோம் பம்பர். இந்தக் கார்களில் ஒன்றைக்கூட நான் நேரில் தொட்டதில்லை. ஆனாலும் வருடம் தப்பிய நிறத்தில் ஒன்றை அலமாரியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க என்னால் முடியாது.

ஆகவே பாடி பிரேக் ஆயிலில் ஊறப் போனது. பிரேக் ஆயில் நிஜக் காரில் சிந்தினால் பெயின்டைத் தின்றுவிடும் என்று மெக்கானிக்குகள் பதறுவார்கள் இல்லையா, அதே குணம் நமக்கு இங்கே உதவி. கையுறை போட்டுக்கொண்டு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் பெயின்ட் தோலாக உரிந்து வரும். பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது.

அது ஊறட்டும் என்று இன்ஜினுக்கு வந்தேன். உண்மையைச் சொன்னால், பாடியைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். 426 கன அங்குல ஹெமி, கம்பெனி கணக்கில் 425 குதிரைத்திறன். ஹெமி என்ற பெயர் எரியறையின் அரைக்கோள வடிவத்தால் வந்தது. வால்வுகள் இரு பக்கமும் சாய்ந்து நிற்க, ஸ்பார்க் பிளக் நட்டநடுவில் உட்காரும். அதனால் மற்ற வி-8களில் (எட்டு சிலிண்டர் இன்ஜின்களில்) பக்கவாட்டில் போகும் பிளக் வயர்கள் இதில் வால்வ் கவரின் நடுவிலேயே இறங்கும், கவருக்கு நான்கு ஓட்டை. மாடல் கட்டுகிறவனுக்கு இது பெரிய வரம். வயர் எங்கே முடிகிறது என்று யாருக்கும் காட்டவேண்டியதில்லை, ஓட்டை போட்டுச் செருகினால் போதும்.

கிட்டில் அந்தக் கவர்கள் பளபளவென்று குரோமில் வந்திருந்தன. நிஜத்தில் அவை சுருக்கம் விழுந்த கருப்பு. நல்லவேளை, கிட் குரோம் என்பது குரோமே இல்லை, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம். பிளீச்சில் போட்டால் கண்ணெதிரே கரையும். அடியில் இருக்கும் வார்னிஷ்தான் போக மறுத்து அடம்பிடிக்கும். பிறகு மேட் கருப்பை எட்ட இருந்து அடித்தேன். பெயின்ட் காற்றிலேயே பாதி காய்ந்து சொரசொரப்பாக விழும், அந்தச் சுருக்கம் ஏறக்குறைய வந்துவிடும். பிளாக்குக்கு ஹெமி ஆரஞ்சு.

வயருக்கு ஒரு கணக்கு. நிஜத்தில் பிளக் வயர் 7 மி.மீ. தடிமன். 25-இல் ஒரு பங்கு என்றால் 0.28 மி.மீ. கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் கருப்பு இன்சுலேஷன் போட்ட மெல்லிய செம்புக் கம்பியை ஒரு பழுதான ஹெட்போனுக்குள்ளிருந்து எடுத்தேன். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் இந்த இன்ஜினில் முன்பக்கம் இருக்கும். செவர்லே வி-8களில் பின்னால். மூடியில் எட்டு ஓட்டை, நடுவில் காயிலுக்கு ஒன்று. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் பற்றவேண்டிய வரிசை, 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்கள் டிரைவர் பக்கம், இரட்டைப்படை அந்தப் பக்கம். எட்டையும் அந்த வரிசைப்படியே கொண்டுபோய்ச் செருகினேன்.

மகள் குனிந்து பார்த்தாள். "ஏம்ப்பா, தப்பா மாட்டியிருந்தா ஸ்டார்ட் ஆகாதா?"

பதில் சொல்லவில்லை. ஏர் கிளீனரை மாட்டியதும் வயர்களில் பாதி மறைந்துபோயின.

கணக்கு என்றதும் இன்னொன்று. பெயின்ட் படலம் 0.05 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், அது நிஜ அளவில் 1.25 மி.மீ. தகரத்தைவிடத் தடித்த பெயின்ட்! கதவு இடுக்குகள் அடைபட்டுப் போவது இதனால்தான். ப்ரைமருக்கு முன்பே கத்தியின் முதுகால் கோடுகளை இரண்டு மடங்கு ஆழமாகக் கீறிக்கொள்வது என் வழக்கம். மெட்டாலிக் பெயின்டிலும் அதே தொல்லை. நிஜக் கார் பெயின்டில் உள்ள மினுக்குத் துகள் சின்னதுதான், ஆனால் அதையே மாடலில் அடித்தால் காரில் ஜிகினா ஒட்டியது மாதிரி ஆகிவிடும்.

எழுத்துச் சின்னங்களுக்கு ஒரு வித்தை உண்டு, பலன் தரும் வித்தை. பெயின்ட் அடிக்கும் முன்பே சின்னத்தின் மேல் பசை ஒட்டிய மெல்லிய ஃபாயிலை ஒரு துண்டு ஒட்டி அழுத்தி, எழுத்தோடு படிய வைத்துவிட வேண்டும். மேலே பெயின்ட். காய்ந்ததும் தின்னர் தொட்ட துணியால் மேடுகளை மட்டும் லேசாகத் துடைத்தால் எழுத்து மட்டும் வெள்ளியாக எழும்பி வரும். கொஞ்சம் அழுத்தித் துடைத்தால் எல்லாம் போச்சு.

மாடல் கட்டுகிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. பெயின்டை 12000 நம்பர் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியாக்கி வைக்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 1969-இல் எந்தத் தொழிற்சாலை அப்படி ஒரு காரை வெளியே அனுப்பியது? ஆரஞ்சுத் தோல் மாதிரிப் புள்ளி விழுந்த பெயின்ட், அடிப்பக்கத்தில் வெறும் ப்ரைமர், ஓரங்களில் பாடி நிறம் சிதறி விழுந்த புகை, இதுதான் நிஜம். என் கார்களைத் திருப்பிப் பார்த்தால் அடியில் அந்தச் சிதறலைக் காணலாம். அதை வேண்டுமென்றே அசட்டையாக அடிக்க எனக்கு ஒரு மாலை முழுக்கப் பிடித்தது என்பது வேறு விஷயம்.

சரி, சார்ஜருக்கு வருவோம். பெயின்ட் உரிந்து மறுபடி சிவப்பாக வந்தது பாடி. அப்போதுதான் கண்ணாடித் துண்டுகளைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பின்கண்ணாடியில் டயரின் அச்சு! பழைய கிட்களில் வினைல் டயர் பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டு வருடக்கணக்கில் கிடந்தால், டயரை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய் கசிந்து பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். பெட்டியைத் திறந்தவுடன் டயரைத் தனியாக எடுத்து வை என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவன் நான். இந்தக் கிட் என்னிடமே நாலு வருஷம் கிடந்தது.

கோபம் தணிந்தபின் ஒரு யோசனை வந்தது. சாதாரண சார்ஜரின் பின்கண்ணாடி இரண்டு தூண்களுக்கு நடுவே குழிவாக உள்ளே தள்ளி இருக்கும். பார்க்க அழகு, பந்தயத்தில் தொல்லை. வேகத்தில் அந்தக் குழியில் காற்று சுழன்று காரின் பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். உள்வாங்கிய முன் கிரில்லும் காற்றை வாங்கிக்கொள்ளும். டாட்ஜ் என்ன செய்தது? தன் இன்னொரு காரான 1968 கொரோனெட்டின் கிரில்லைக் கொண்டுவந்து முகத்தோடு சமமாகப் பொருத்தியது, பின்னால் குழியை மூடிக் கண்ணாடியை மேலே கொண்டுவந்தது. அதுதான் சார்ஜர் 500. பந்தய விதிப்படி பொதுமக்களுக்கு விற்க வேண்டிய கார்களின் எண்ணிக்கையே பெயர். அதாவது கம்பெனியே தன் காரைப் பட்டி பார்த்து டிங்கரிங் பண்ணியிருக்கிறது. அதுவும் போதாமல்தான் கூர்மூக்கும் உயரமான பின்இறக்கையும் வைத்துச் சார்ஜர் டேடோனாவைக் கட்டினார்கள். 1970 மார்ச்சில் அமெரிக்காவின் டல்லடேகா பந்தயத் தளத்தில் அதை ஓட்டி மணிக்கு 200 மைலைத் தாண்டியவர் பட்டி பேக்கர். தமிழில் எழுதினால் இவர் பெயரும் பட்டி!

என் சார்ஜரும் இனி 500. குழியில் 0.5 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி வைத்துச் சுற்றிலும் பட்டி போட்டிருக்கிறேன். புதுக் கண்ணாடிக்கு ஒரு பிஸ்கட் பெட்டியின் தெளிந்த மூடி. அதை ஒட்டுவதற்கு வெள்ளைப் பசைதான், சூப்பர் க்ளூ அல்ல. சூப்பர் க்ளூவின் ஆவி பட்டால் கண்ணாடி பனி மூடியதுபோல் வெளுத்துவிடும். சார்ஜரின் ஹெட்லைட் மூடிக்குள் ஒளிந்திருக்கும், 500-க்கோ நான்கும் வெளியே தெரிய வேண்டும். உதிரிப் பெட்டியில் தேடினால் மூன்று லென்ஸ்தான் அகப்பட்டது. நான்காவதைத் தரையில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பட்டி காயக் காயச் சுருங்கும். அவசரப்பட்டுத் தேய்த்தால் பெயின்டுக்கு அப்புறம் பள்ளம் தெரியும். ஒரு வாரம் தொடக்கூடாது என்று தேதி எழுதிப் பாடியின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன். நிறம் முடிவாகிவிட்டது. சிவப்பு. சாயம் இனி எவ்வளவு வேண்டுமானாலும் மேலே வரட்டும்.