கிளான்ஸ்மன் கேள்வியில் நான் சறுக்கிய இடம்

"கிளான்ஸ்மன் திராம்பஸ்தீனியா பரம்பரையில் எப்படி இறங்கும்?" எம்.எஸ்சி. வைவாவில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் குட்டி அணுக்கள்) ஒன்றோடொன்று ஒட்டாததால் ரத்தம் எளிதில் நிற்காத பரம்பரை நோய் அது. ரத்தப்போக்கு நோய் என்றதும் ஹீமோபிலியாதான் ஞாபகம் வந்தது. "எக்ஸ் குரோமோசோம் வழியாக, சார்" என்றேன். "அப்போ பெண் பிள்ளைக்கு வராதாம்மா?" என்றார். வாய் அடைத்துவிட்டது.

இந்த வருடம் படிப்பவர்கள் மனப்பாடத்தைத் தள்ளிவைத்து, முதலில் ஒரு குடும்ப மரம் வரையுங்கள். நகரியில் எங்கள் தெருவில் அக்கா மகளைக் கட்டிய மாமாக்கள் உண்டு. அப்படியொரு குடும்பத்தைத்தான் நோட்டில் வரைந்தேன். பாட்டியிடம் இருக்கும் ஒரு பழுதான மரபணு மகனுக்கும் இறங்கலாம், மகள் வழியாகப் பேத்திக்கும் இறங்கலாம். இருவருக்கும் ரத்தப்போக்கு இருக்காது. மிச்சமுள்ள நல்ல பிரதியே போதும். அவர்கள் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பழுதும் சேர 4-ல் 1 வாய்ப்பு. ஆணோ பெண்ணோ, கணக்கு ஒன்றுதான்.

அடுத்து, இந்த ஒரே நோய்க்குக் காரணமாக இரண்டு வெவ்வேறு மரபணுக்களைச் சொல்கிறார்களே, ஏன்? எங்களுடையது தறிக் குடும்பம், அதனால் எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. பாவு மட்டும் இருந்தால் துணியாகாது, ஊடை மட்டும் இருந்தாலும் ஆகாது. தட்டணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைப் பிடிக்க தட்டணுவின் மேல் இருக்கும் ஏற்பியும் ஆல்ஃபா 2பி, பீட்டா 3 என்ற இரு புரதங்களின் ஜோடி. ஐடிஜிஏ2பி, ஐடிஜிபி3 என்ற அவற்றின் மரபணுக்கள் இரண்டும் 17-ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. எது கெட்டாலும் ஜோடி சரியாகச் சேராது, நோயும் ஒன்றேதான்.

இது புரிந்தால் சோதனை முடிவு தானாக வரும். தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் கோடாக வரைந்து காட்டும் கருவி அக்ரிகோமீட்டர். அதில் தட்டணுக்களைத் தூண்டும் ஏடிபி சேர்த்தாலும் கொலாஜன் சேர்த்தாலும் குட்டிக் காந்தம் சுற்றிக்கொண்டே இருக்கும், பிளாஸ்மா கலங்கலாகவே நிற்கும், கோடு ஏறாது. ரிஸ்டோசெட்டின் என்ற பொருளுக்கு மட்டும் ஏறும், அது வேறு ஏற்பியின் வேலை. அந்த ஏற்பி கெட்டால் வருவது பெர்னார்ட்-சூலியர் என்ற வேறொரு தட்டணு நோய்: ரிஸ்டோசெட்டினுக்குக் கோடு படுத்துவிடும், தட்டணுக்கள் பெரிதாகவும் பொதுவாகக் குறைவாகவும் இருக்கும்.

கிளான்ஸ்மனில் தட்டணுக்களின் எண்ணிக்கையும் அளவும் சரியாகவே இருக்கும். அதனால் வயதுக்கு வந்த நாள் முதல் உதிரம் நிற்காமல் ஒரு பெண் வந்து, ரிப்போர்ட்டில் 'கவுண்ட் நார்மல்' என்றிருந்தால், அப்படியே அனுப்பிவிடாதீர்கள். விரலில் குத்திய ரத்தத்தில் உடனே ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் மெல்லிய பூச்சு) போட்டு மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். கொத்துக் கொத்தாகத் தெரிய வேண்டிய தட்டணுக்கள் தனித்தனியாகக் கிடக்கும்.