மேடு மேடாய் ஓர் உலகம்

பாரிஸிலிருந்து ஒசேர் வரை ரயில். அங்கிருந்து கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் ஷப்லி. வெள்ளை ஒயினுக்குப் பேர்போன ஊர். வருகிறவர்கள் பெரும்பாலும் அதற்காகவே வருகிறார்கள். நான் போனது பியேர் லெ ரூஜ் என்ற அச்சுக்காரருக்காக.

இந்தச் சின்ன ஊரில் 1478-லேயே அவர் புத்தகம் அச்சிட்டிருக்கிறார். அப்புறம் பாரிஸுக்குப் போய், 'அரசரின் அச்சுக்காரர்' என்று பெயர் வாங்கினார். அங்கே அவர் கையிலிருந்து வந்ததுதான் 'லா மேர் தெ இஸ்துவார்', அதாவது 'சரித்திரங்களின் கடல்'. 1475-இல் லூபெக் நகரில் வந்த ஒரு லத்தீன் நூலைத் தழுவி, பிரெஞ்சு அரசர்களின் கதையும் சேர்த்த இரண்டு பெரிய பாகங்கள். உலகப் படைப்பு, வேதாகம வம்சாவளி, போப்புகள், பேரரசர்கள் என்று எல்லாம் கலந்த கதம்பம். எட்டாம் சார்லஸ் அரசருக்காகத் தோலில் அச்சிட்டு வண்ணம் தீட்டிய பிரதி இன்றும் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

என்னை இழுத்தது அதில் உள்ள உலகப்படம். உச்சியில் வடக்கு இல்லை, கிழக்கு. அங்கே மதிலுக்குள் ஏதேன் தோட்டம். கீழே வட்டம் முழுக்கச் சின்னச் சின்ன மண்மேடுகள், கூழாங்கல்லைக் குவித்ததுபோல. ஒவ்வொரு மேடும் ஒரு நாடு, மேல் அதன் பெயர். தூரக் கணக்கு கிடையாது, கரையோரத்தின் வளைவு நெளிவு கிடையாது. புத்தகம் அச்சானது 1488-89-இல். அதே 1488-இன் தொடக்கத்தில் போர்ச்சுகீசிய மாலுமி பர்த்தலோமியு டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவிட்டார். அதனால் இந்தப் படத்தைப் 'பழசு' என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இது கப்பலோட்டிக்கு வரைந்த படம் இல்லையே! கதையில் ஒரு நாட்டின் பெயர் வந்தால், அது எதற்குப் பக்கத்தில் என்று வாசகர் விரல் வைத்துப் பார்ப்பதற்கான படம். அந்த வேலையை அழகாகவே செய்கிறது.

ஊரில் கொஞ்சம் சுற்றினேன். சன் மார்த்தன் தேவாலயக் கதவில் குதிரை லாடங்களை ஆணியடித்து வைத்திருக்கிறார்கள். செரன் ஆறு அமைதியாக ஓடுகிறது. ஒரு ஒயின் கடையில், வயதான அம்மா ஒருவர் கைப்பிடி மண்ணோடு ஒரு கல்லை நீட்டினார். கல் முழுக்கக் குட்டிக் குட்டிச் சிப்பிகள்! இந்தத் திராட்சைச் சரிவுகள் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தவை.

கைப்பேசியில் என் உலகப்படத்தைக் காட்டினேன். பெரிதாக்கி, வெகு நேரம் பார்த்தார். அப்புறம் என்னை வாசலுக்குக் கூட்டிப்போய், ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரிந்த குன்றைக் கைகாட்டி, ஒவ்வொரு சரிவாகப் பெயர் சொன்னார்: லெ க்ளோ, வால்மூர், க்ரெனூய், வோதெசீர். நான் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன்.